"எந்த சமூகம்?"னு கேட்டாங்க: கோத்தகிரிப் பக்கம் ஒரு குவில்ட் தைச்ச அனுபவம், நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோத்தகிரியில இருந்து பஸ்ல அரை மணி நேரம் போனா வர்ற ஒரு சின்ன ஊரு. மேல படகர் ஹட்டி, அதாவது படகர் மக்களோட ஊரு, கீழ எஸ்டேட் தொழிலாளிங்க இருக்கற லைன் வீடுங்க, நடுவுல ரோட்டோரமா நாலஞ்சு கடை, கடைக்குப் பின்னாடி காலனி. நான் இங்க ஏழு வருஷமா தையல் சொல்லிக்குடுக்கறேன். மகளிர் குழு ஹால்ல ஆறு மெஷின் இருக்கு, அதுல பாதி எப்பவும் ரிப்பேர். யார் பேரும் போடல, ஊர் பேரும் போடல, அப்படித்தான் எல்லாரும் பேசி ஒத்துக்கிட்டோம்.

போன வருஷம் ஜூன்ல ஒரு அமைப்பு எங்க குழுவுக்கு 15,000 ரூபா குடுத்து, "சமூகம்"ங்கற தலைப்புல சுவர்ல மாட்டற மாதிரி ஒரு குவில்ட் செஞ்சு தாங்கன்னு கேட்டாங்க. குவில்ட்னா புதுசா பயப்பட ஒண்ணுமில்ல, நம்ம பாட்டிங்க பழைய சேலையை நாலா மடிச்சு ஓட்டுத்தையல் போட்டு குழந்தைக்கு விரிப்பு செய்வாங்களே, அதே வேலைதான். மேல ஒரு துணி, நடுவுல பஞ்சு, அடியில ஒரு துணி, மூணையும் சேர்த்துப் பிடிக்கற தையல். கட்டில்ல விரிக்காம சுவர்ல மாட்டி பார்க்கறதுக்குன்னு செஞ்சா அதை ஆர்ட் குவில்ட்னு சொல்றாங்க. 11 பேர் சேர்ந்தாங்க. வயசு 19ல இருந்து 70க்கு மேல வரைக்கும்.

என் பிளான் இதுதான்: அகலம் 5 அடி, உயரம் 6 அடி, 12 இன்ச் சதுரம் 30. தையலுக்கு கால் கால் இன்ச் விட்டு பன்னண்டரை இன்ச்சா வெட்டணும். ஆளுக்கு ரெண்டு சதுரம், பாக்கி எட்டு பொதுவா. எல்லாருக்கும் ஒரே அளவு, அதான் நியாயம்னு நினைச்சேன். இந்த எண்ணம் எங்க இருந்து வந்துச்சுன்னா, அமெரிக்காவுல எய்ட்ஸ்ல இறந்தவங்களுக்காக தைச்ச அந்தப் பெரிய குவில்ட்டைப் பத்தி படிச்சிருந்தேன், 1987 அக்டோபர்ல வாஷிங்டன்ல முதல் தடவை விரிச்சப்ப 1,920 துண்டு இருந்துச்சு, ஒவ்வொண்ணும் 3 அடிக்கு 6 அடி. அது மனசுல அப்படியே நின்னுடுச்சு. ஆனா அங்க அந்த அளவுக்கு ஒரு காரணம் இருந்துச்சு, அது ஒரு ஆளைப் புதைக்கற குழியோட அளவு. எங்க 12 இன்ச்சுக்கு என்ன காரணம்னு நான் அப்ப யோசிக்கவே இல்ல.

முதல் கூட்டத்துல நடந்தது

ஜூலை முதல் ஞாயித்துக்கிழமை. "சமூகம், கம்யூனிட்டி, அதைப் பத்தி ஆளுக்கு ஒரு சதுரம் செய்யணும்"னு நான் ஆரம்பிச்ச உடனே கடைக்கார அக்கா ஒருத்தங்க கேட்டாங்க, "எந்த சமூகம்? எங்க சமூகமா, எல்லா சமூகமுமா?"

நான் அதைப் பெருசா எடுத்துக்கல. "உங்க மனசுல என்ன தோணுதோ அதைச் செய்யுங்கக்கா"ன்னு சொல்லி விட்டுட்டேன். இந்த மொத்த வேலையிலயும் நான் செஞ்ச பெரிய தப்பு இந்த ஒரு பதில்தான்னு இப்ப நினைக்கறேன். நம்ம பேச்சு வழக்குல சமூகம்னா என்ன அர்த்தம்? கம்யூனிட்டி சர்டிபிகேட் வாங்கிட்டு வான்னா எந்த ஆபீஸுக்குப் போறோம், அதுல என்ன எழுதியிருக்கும்? கல்யாண விளம்பரத்துல அந்த வார்த்தை எதுக்கு வருது? இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்ன. ஆனா தலைப்பு குடுத்தவங்க நல்ல அர்த்தத்துலதான் சொன்னாங்கன்னு நானும் அதையே திருப்பிச் சொல்லிட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு வந்த சதுரங்களைப் பாத்தா, ஒவ்வொருத்தரும் அவங்கவங்க சாதி அடையாளத்தைத்தான் தைச்சிருந்தாங்க. கோயில், கொடி, திருவிழாவுல போடற துணி. வேலை நல்லா இருந்துச்சு, சில பேரோட பூ வேலை ரொம்பவே அழகு. ஆனா தரையில அடுக்கிப் பாக்கறப்ப யாரும் வாயைத் திறக்கல, யாரோடது மேல வருது யாரோடது கீழ வருதுன்னு எல்லாரும் பாத்துக்கிட்டே நின்னாங்க. காலனியில இருந்து வந்த ஒரு தங்கச்சி வெறும் துணியைக் குடுத்திருந்தா, ஒரு தையல்கூட இல்ல. ஏன்மான்னு தனியா கூப்பிட்டுக் கேட்டேன். "எங்களுக்கு அடையாளம்னு ஊரு குடுத்ததெல்லாம் வேலை மட்டும்தான் டீச்சர், அதைத் தைச்சு சுவத்துல மாட்ட எனக்கு இஷ்டமில்ல"ன்னு சொன்னா. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

கேள்வியை மாத்தினோம்

அடுத்த கூட்டத்துல நான் மன்னிப்புக் கேட்டேன், தைச்சு வந்த சதுரங்களை அவங்கவங்ககிட்டயே குடுத்துட்டேன். சிலருக்கு வருத்தம்தான், ரெண்டு வாரம் உக்காந்து செஞ்சது. அப்புறம் சமூகம்ங்கற வார்த்தையையே விட்டுட்டு வேற மாதிரி கேட்டோம்: உங்க வீட்டுல இருக்கற துணியில, இன்னொரு வீட்டுல இருந்து வந்த துணி எது? குடுத்தது, கடன் வாங்கினது, திருப்பிக் குடுக்காம விட்டது, எதுவா இருந்தாலும் சரி.

இந்தக் கேள்வி எனக்குத் தோணினதுக்கு மலைதான் காரணம். ரூபா நோட்டு வர்றதுக்கு முன்னாடி இங்க தோடர்கிட்ட இருந்து நெய்யும் பாலும், படகர்கிட்ட இருந்து தானியமும், கோத்தர்கிட்ட இருந்து இரும்புச் சாமானும் மண்சட்டியும், குறும்பர்கிட்ட இருந்து தேனும் கைமாறிக்கிட்டு இருந்துச்சுன்னு எல்லாரும் எழுதி வச்சிருக்காங்க. அதுக்குள்ள மேல கீழன்னு வித்தியாசம் இல்லாம இருந்துச்சுன்னு நான் சொல்லல. ஆனா ஒருத்தர் வீட்டுப் பொருள் இன்னொருத்தர் வீட்டுல இருந்துச்சு, அது உண்மை.

வந்த துணிங்களைப் பாத்து நானே அசந்துட்டேன். ஹட்டியில இருந்து வந்த அக்கா ஒரு பூப்போட்ட வாயில் சேலைத் துண்டு கொண்டு வந்தாங்க, அவங்க பையன் பிறந்தப்ப லைன்ல இருந்து வந்து பாத்துக்கிட்ட அம்மாவோட சேலை. டீக்கடை அக்கா ஒரு ஸ்வெட்டரோட கை மட்டும் வெட்டி எடுத்துட்டு வந்தாங்க. வெறும் துணி குடுத்த தங்கச்சி இந்தத் தடவை ஸ்கூல் யூனிபார்ம் துண்டு கொண்டு வந்தா, பக்கத்து தெருவுல இருந்த பாய் வீட்டு அக்கா தன் பொண்ணுக்குப் பத்தாமப் போனதை இவளுக்குக் குடுத்தது, மூணு வருஷம் போட்டிருக்கா.

லைன் வீட்டுப் பாட்டி கொண்டு வந்ததுதான் படங்கு. தேயிலைக் கொழுந்து எடுக்கறப்ப செடி குத்தாம, பனி நனைக்காம இடுப்புல சுத்திக் கட்டற சாக்குத் துண்டு. இந்தியாவும் சிலோனும் 1964ல போட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் சிலோன்ல இருந்து வந்த குடும்பம் அவங்களோடது, தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் கேம்ப், அப்புறம் இந்த மலை. இந்த மாதிரி வந்தவங்களுக்காக 1968ல ஆரம்பிச்சதுதான் டான்டீங்கற அரசு தேயிலைத் தோட்டம், ஆனா இந்தப் பாட்டிக்கு முதல்ல வேலை கிடைச்சது ஒரு சின்னத் தோட்டத்துலதான். முதல் நாள் படங்கு இல்லாம நின்னுருக்காங்க, பக்கத்து நிரைக்காரி தன்னோடதுல ஒண்ணை அவுத்துக் குடுத்திருக்கா. "திருப்பிக் குடுக்கவே இல்லம்மா. அவளும் கேக்கல. அவ போய்ச் சேந்தே பதினஞ்சு வருஷம் ஆச்சு." துண்டை மூக்குகிட்ட வச்சு மோந்து பாத்துட்டுத்தான் என் கையில குடுத்தாங்க.

அளவு கைவிட்டுப் போனது

இப்ப 12 இன்ச் கணக்கு நிக்கல. ஸ்வெட்டர் கை குழல் மாதிரி இருக்கு, படங்கு கையில எடுத்தாலே நார் நாரா பிரியுது, சேலைத் துண்டு வெட்டினா பாதி பூ போயிடும். படங்குக்கு அடியில மெல்லிசு காடாத் துணியை வச்சு, நாலு ஓரத்துலயும் ஒட்டுற கேன்வாஸ் பட்டையை அயர்ன் பண்ணி நிப்பாட்டினோம், அப்புறம்தான் ஊசி பிடிச்சுது. ஸ்வெட்டர் கையை மட்டும் நீளவாக்குல பிரிச்சோம், அதுவும் அந்த அக்காகிட்ட கேட்டுட்டுத்தான்.

ஹட்டி அக்காவுக்குப் பழக்கமான ஒரு தோடர் அம்மா ஊட்டிப் பக்கம் ஒரு மந்துல, அதாவது தோடர் குடியிருப்புல இருக்காங்க. எங்க குழுவுல ஒரு பொண்ணு, தோடர் எம்பிராய்டரி மாதிரியே நாமளே தைச்சுடலாம், யூடியூப்ல இருக்குன்னு சொன்னா. வேண்டாம்னு முடிவு பண்ணோம். 2013ல புவிசார் குறியீடு வாங்கின வேலை அது, அதைவிட முக்கியமா அது அவங்க கை. கோடு போடாம, அச்சு வைக்காம, துணியோட இழையை எண்ணி எண்ணி சிவப்பும் கறுப்பும் ஏத்தறாங்க, பூத்துக்குளின்னு அவங்க போத்திக்கற துணியில வர்ற வேலை. நாங்க நேர்லயே போய் கேட்டோம். அந்த அம்மா ஒரு பட்டை தந்தாங்க, 9 இன்ச் அகலம், 30 இன்ச் நீளம், ஒரே ஒரு கண்டிஷன்: வெட்டக் கூடாது, மேல ஊசி போடக் கூடாது, வீட்டுல தேவைப்பட்டா திரும்ப வாங்கிக்குவேன்.

இதுக்காக நாலு நாள் வாக்குவாதம். கடைசியில அந்தப் பட்டைக்கு அடியில குவில்ட்லேயே இடம் விட்டு, எட்டு ஜோடி நாடா வச்சு, பட்டையோட ஓரத்துல அந்த அம்மாவே வளையம் மாதிரி நூல் போட்டுத் தந்தாங்க. நாடாவை அவுத்தா பட்டை தனியா வந்துடும். சதுரக் கணக்கு இதோட மொத்தமா போச்சு. ஹட்டி அக்காவோட அம்மா குடுத்த பழைய வெள்ளைத் துணியை முழுசா பின்னணியா விரிச்சு, அது மேல எல்லாத்தையும் அதது இருந்த அளவுலயே பொருத்தினோம்.

நடுவுல உப்பினது

செப்டம்பர். மூணு அடுக்கையும் விரிச்சு, கச்சாத் தையல் போட்டு, பெஞ்சு நாலை ஒண்ணாப் போட்டு, நாலு பக்கமும் ஆளுங்க உக்காந்து அவங்கவங்க ஓரத்துல இருந்து ஓட்டுத்தையல் போட ஆரம்பிச்சோம். பேசிக்கிட்டே தைச்சா வேலை வேகமா ஓடுச்சு. அஞ்சாம் நாள் பாத்தா நடுவுல துணி தோசை மாதிரி உப்பிட்டு நிக்குது.

ஜார்க்கண்ட்ல இருந்து எஸ்டேட் வேலைக்கு வந்த குடும்பங்க லைன்ல நாலஞ்சு இருக்கு. அவங்களை நாங்க யாரும் கூப்பிடவே இல்ல, அவங்க இங்க ரெண்டு வருஷமா இருக்காங்க. அதுல ஒரு பொண்ணு கைக்குழந்தையோட ஹால் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. உப்பினதைப் பாத்துட்டு உள்ள வந்து, ஒண்ணும் பேசாம, உள்ளங்கையை நடுவுல வச்சு வெளிப்பக்கமா தடவிக் காட்டினா. நடுவுல ஆரம்பிச்சு வெளிய வரணும். அவங்க ஊர்ல பழைய சேலையை அடுக்கி இப்படித்தான் போர்வை தைப்பாங்களாம். கர்நாடகாவுல ஆப்பிரிக்க வம்சாவளியான சித்தி மக்கள் தைக்கற கவந்திங்கற ஒட்டுப்போர்வையில ஓரத்துல இருந்துதான் உள்ள வருவாங்க, ஆனா அங்க ஒட்டுத்துணியை ஒவ்வொண்ணா வச்சுக்கிட்டே போறதால சுருக்கம் மிஞ்சறதில்ல. எங்களோடது ஏற்கனவே முழுசா விரிச்சாச்சு, ஓரத்துல இருந்து தள்ளினா மிச்சத் துணி நடுவுலதானே சேரும்.

அஞ்சு நாள் வேலையைப் பிரிச்சோம். அந்தப் பொண்ணு பன்னண்டாவது ஆளா சேந்தா, தன் வீட்டு சிவப்புக் கட்டம் போட்ட கம்சாத் துண்டும் (தோள்ல போடற துண்டு) கொண்டு வந்தா, பக்கத்து ரூம்ல தங்கியிருந்த இன்னொரு குடும்பம் ஊருக்குப் போறப்ப விட்டுட்டுப் போனது. குவில்ட்டோட பாதித் தையல் அவ கைவேலை, அரிசி அரிசியா ஒரே சீரா இருக்கும்.

சாயம் ஓடின ராத்திரி

சுத்தி ஓரம் அடிக்க சிவப்பு பாப்ளின் நான்தான் சந்தையில வாங்கினேன். பழைய துணிங்க எல்லாம் வருஷக்கணக்கா அலசினது, அதுல சாயம் விட ஒண்ணும் மிச்சமில்ல, கம்சாவைக்கூட ஈர வெள்ளைத் துணியில தேய்ச்சுப் பாத்துட்டோம். புதுசா வந்தது இந்த சிவப்பு ஒண்ணுதான், அதை மட்டும் நான் அலசல. அக்டோபர் மழை ஆரம்பிச்சிடுச்சு, எதைத் துவைச்சாலும் நாலு நாள் காயாது, அமைப்புக்காரங்க வேற தேதி கேட்டுக்கிட்டே இருந்தாங்க, அவசரப்பட்டுட்டேன்.

நவம்பர் ரெண்டாவது வாரம் ராத்திரி பூரா மழை. ஹால் சுவர் எப்பவும் ஓதம் காக்கும், குவில்ட்டை அந்த சுவத்துலதான் சாத்தி வச்சிருந்தோம். காலையில கதவைத் திறந்தா கீழ் ஓரம் நனைஞ்சு, சிவப்பு ஒரு கை அகலத்துக்கு வெள்ளையில ஏறியிருக்கு, தோடர் பட்டைக்கு ரெண்டு விரக்கடை தூரம்.

முதல்ல நாடாவை அவுத்து பட்டையை எடுத்து வீட்டுக்குள்ள கொண்டு போயிட்டோம். ஊசி போடக் கூடாதுன்னு அந்த அம்மா சொன்னதாலதான் அது தப்பிச்சுது, தைச்சிருந்தா பிரிக்கற நேரத்துல சாயம் தொட்டிருக்கும்.

அப்புறம் என்ன செய்யறதுன்னு ஆளுக்கொண்ணு சொன்னாங்க. உப்புத் தண்ணி, வினிகர், வெயில்ல போடு. உப்பும் வினிகரும் கடைத்துணியில ஏறிட்ட சாயத்தை நிப்பாட்டாதுன்னு எனக்குத் தெரியும். காய விட்டா அவ்வளவுதான், கறை பிடிச்சுக்கும். வழி ஒண்ணுதான், நிறைய சுடுதண்ணி, கொஞ்சம் சோப்புத் தூள், முழுசா முக்கி வச்சு, பிரியற சாயம் துணியில திரும்ப உக்காராம தண்ணியிலேயே நிக்கற மாதிரி பாத்துக்கணும். ஆபத்து என்னன்னா படங்கு. சணல் ஊறினா பழுப்புத் தண்ணி விடும். பாட்டிகிட்ட கேட்டோம், பிரிச்சு எடுத்துடலாமா, ஊற விடலாமா? பிரிச்சா நார் நாராப் போயிடும்னு அவங்களுக்கே தெரியும். "போடும்மா"ன்னுட்டாங்க.

சிவப்பு ஓரத்தை நாலு பேரா பிரிச்சு எறிஞ்சோம். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடற அண்டாவைக் கொண்டு வந்து, விறகு மூட்டி, கை பொறுக்கற சூட்டுல முக்கினோம். தண்ணி ரோஸ் ஆச்சு, மாத்தினோம், திரும்ப ரோஸ், திரும்ப மாத்தினோம். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் மூணு தண்ணி. ஹட்டி அக்கா, லைன் பாட்டி, காலனித் தங்கச்சி எல்லாரும் அண்டாவைச் சுத்தி குளிர் காஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க, ஒரே தூக்குல இருந்து கட்டன்காப்பி ஊத்திக் குடிச்சாங்க. ஜூலையில அடுக்கிப் பாத்த அன்னைக்கு தனித்தனியா நின்ன அதே ஆளுங்க.

விடியக்காலையில எடுத்துப் பாத்தோம். சிவப்பு போயிடுச்சு. படங்கைச் சுத்தி ரெண்டு இன்ச்சுக்கு டிக்காஷன் நிறத்துல கறை. பாட்டி விரலால தடவிப் பாத்துட்டு சொன்னாங்க, "கொழுந்துக் கறை எங்கம்மா போகும், என் கையப் பாரு." அதை அப்படியே விட்டோம். தார்ப்பாய் மேல படுக்க வச்சு, ஃபேன் போட்டு, ஆறு நாள் காஞ்சுது.

பிறகு நடந்தது

ஓரத்துக்கு காடாத் துணியையே வச்சோம். முதுகுல 4 இன்ச் பட்டையா உறை தைச்சு, அதுக்குள்ள மரச் சட்டம் விட்டு மாட்டினதால எடை ஒரே இடத்துல இழுக்கல. ஜனவரியில, வெயில் நேரா படாத உள்சுவத்துல, சுவத்துக்கும் துணிக்கும் நடுவுல காத்து போற மாதிரி கட்டை வச்சு மாட்டினோம். அமைப்புக்காரங்க பாத்துட்டு சந்தோஷப்பட்டாங்க, ஹால்லேயே இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க.

ஏப்ரல் சீசன்ல ஒரு ரிசார்ட்டுக்காரர் வந்து 40,000 ரூபாய்க்குக் கேட்டார். இதுல குழு உடைஞ்சுது. விக்கலாம்னு மூணு பேர், கூடாதுன்னு மீதிப் பேர். விக்கலாம்னு சொன்ன ஒரு அக்கா கேட்டது எனக்கு இன்னும் உறுத்துது: "நாப்பது நாள் கூலியை விட்டுட்டு வந்து உக்காந்தேன் டீச்சர், எனக்கு என்ன கிடைச்சுது?" 15,000 ரூபாயும் நூலு, பஞ்சு ஷீட், கேன்வாஸ், பஸ் சார்ஜ்னே போயிருந்துச்சு, தைச்சவங்களுக்குக் கூலின்னு ஒரு ரூபாகூட ஒதுக்கல. அது யாருக்குச் சொந்தம்னு ஆரம்பத்துல ஒரு வரிகூட எழுதி வைக்கல. விக்கல. அந்த அக்காவும் இன்னொருத்தரும் குழுவை விட்டுப் போயிட்டாங்க, இன்னும் வரல. அவங்க கேட்டது நியாயம்தான்னு நான் அவங்க வீட்டுக்கே போய் சொல்லிட்டு வந்தேன்.

அப்புறம்தான் ஒரு பேப்பர்ல எழுதினோம்: விக்கறதுன்னா எல்லாரும் ஒத்துக்கணும், துணி குடுத்தவங்க கேட்டா திருப்பிக் குடுக்கணும். மே மாசம் தோடர் அம்மா வீட்டு விசேஷத்துக்குப் பட்டையை வாங்கிட்டுப் போனாங்க, மூணு வாரம் கழிச்சு அவங்களே கொண்டு வந்து கட்டிவிட்டாங்க.

அடுத்த தடவை மாத்தறது

அடுத்ததுக்குத் துணி சேர ஆரம்பிச்சிருக்கு, காலனித் தங்கச்சிதான் இந்தத் தடவை பொறுப்பு. உக்கார்ற நாளுக்கு கொழுந்துக் கூலி அளவுக்காவது குடுக்க முடிஞ்சாத்தான் ஆரம்பிக்கறதுன்னு முடிவு. யாருக்குச் சொந்தம்ங்கற பேப்பர்ல முதல் நாளே கையெழுத்து. தலைப்பை நாங்க சொல்லப் போறதில்ல, துணி வந்தப்புறம் பாத்துக்கலாம். லைன்ல எல்லாக் கதவையும் தட்டியாச்சு, தமிழ் தெரியாத வீடு உட்பட.

ஒருத்தங்க சிவப்புச் சேலை குடுத்திருக்காங்க, புதுசு. மூணு தடவை அலசியாச்சு. நேத்து நாலாவது தண்ணியிலயும் லேசா ரோஸ் வந்துச்சு, அதனால இன்னும் அதுல கத்திரி வைக்கல.